ஆடாத பச்சைக்கோடு

“இது எந்த ஊரு வாய்க்காலு?” என்று கேட்டாள் அம்சம்.

“நம்ம ஊருதான்க்கா. கீழச்சேந்தனூர் கடைமடை.”

“அப்ப நான் எந்த ஊருலேருந்து வர்றேன்?”

கேட்கப்பட்டவன் அவள் தம்பி இராஜாங்கம். மின்னணுப் பொறியியல் படித்தவன். படித்த நாலு வருஷத்தில் யாரும் அவனை இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

தஞ்சாவூரில் புதிதாகத் திறக்கப்போகும் நீர்க் கண்காணிப்பு மையத்தில், ஏ.சி. போட்ட அறையில், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு அவள் நின்றிருந்தாள். எதிரே கணினித் திரை. அதில் ஒரு பச்சைக்கோடு, இரண்டு முளையடித்து இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி நேராகப் போனது. கோடு சொன்ன சேதி: கீழச்சேந்தனூர் வாய்க்காலில் ஆவணியிலிருந்து முழங்காலுக்கு மேல் தண்ணீர் குறையாமல் ஓடுகிறது. அம்சம் கொண்டுவந்த சேதி: வாய்க்காலில் ஆடு படுத்திருக்கிறது.

“ஒரு சொட்டுகூட வரலையா?”

“கரண்டு போனா கொஞ்ச நேரம் வரும். மண்வெட்டிய எடுத்துக்கிட்டு மடையத் திறக்கப் போறதுக்குள்ள வடிஞ்சிடும்.”

“மெஷின் தப்பு பண்ணாதுக்கா.”

“அப்ப நான் பண்றனா?”

“உன்னச் சொல்லல.”

“பின்ன ஆட்டச் சொல்றியா?”

அவள் கையில் தாசில்தார் ஆபீஸ் நோட்டீஸ் இருந்தது. மிராசுதாரிடமிருந்து உபரி என்று எடுத்த நிலத்தில் ஒரு துண்டை, கொடி பிடித்து, அடி வாங்கி, திருச்சி ஜெயிலைப் பார்த்துவிட்டு வந்து, கடைசியில் பட்டாவாக வாங்கியவர் இவர்கள் அப்பா. இப்போது அது அம்சத்தின் பேரில் இருக்கிறது. பட்டாவில் ஒரு நிபந்தனை உண்டு. பயிர் வைக்காமல் தரிசாகப் போட்டால் சர்க்கார் திருப்பி எடுத்துக்கொள்ளும். போன வருஷம் தரிசு, இந்த வருஷமும் நடவைக் காணோம் என்று யாரோ மனுப் போட்டிருந்தார்கள். யாரோ என்றால் ஒன்றியச் செயலாளர் அரசப்பன்தான். தண்ணீர் வந்தும் நடவில்லை என்பதற்கு மனுவோடு ஓர் அத்தாட்சியும் இணைத்திருந்தார். இராஜாங்கத்தின் பச்சைக்கோட்டின் அச்சுப் பிரதி அது. ஆபீசிலிருந்து போகும் எல்லாப் பிரதியிலும் போடுகிற மாதிரி அடியில் இராஜாங்கத்தின் கையெழுத்தே இருந்தது.

“ஐப்பசி பொறந்தா தாசில்தார் ஆபீஸ் ஆர்.ஐ. வயலப் பாக்க வர்றாராம்,” என்றாள் அம்சம். “நாத்து வயசாயிட்டு இருக்குடா. குளத்துத் தண்ணியக் குடத்துல தூக்கி ஊத்தி உசுரோட வச்சிருக்கேன். அவரு வர்றதுக்குள்ள நட்டுட்டா நிலம் தங்கும். இல்லேன்னா அப்பா வாங்குன அடியெல்லாம் சும்மா வாங்குனதுதான்.”

அவள் புருஷன் காத்தான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். பொங்கலுக்கும் தேர்தலுக்கும் வருவான். ஆகவே அக்காவுக்கு நிலம், தம்பிக்குக் கணினி, நடுவில் பஸ். இப்படித்தான் அந்தக் குடும்பம் நடந்தது.

அம்சம் போனபிறகு இராஜாங்கம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா பொய் சொல்கிறவள் இல்லை. கணினிக்குப் பொய் சொல்லத் தெரியாது. இரண்டு பேரும் உண்மை பேசினால் வாய்க்கால்தான் பொய் சொல்லவேண்டும். அவனுக்குத் தலை சுற்றியது.

அந்த மையம் கண்காணிப்புப் பொறியாளர் அடைக்கலராஜின் கனவு. அவர் மேசைமேல் வேளாங்கண்ணி மாதா படமும் அதற்குப் பக்கத்தில் மாண்புமிகு அமைச்சரின் படமும் இருக்கும். எந்தப் படம் கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கிறதோ அதை வைத்து அன்றைக்கு ஆபீசுக்கு யார் வருகிறார்கள் என்று பியூன் சொல்லிவிடுவான். அடைக்கலராஜ் படித்தது கட்டடப் பொறியியல். ஆனால் ஹைதராபாத்தில் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து அவர் வாயில் வேறு சொல் வருவதில்லை.

“அனலாக் என்பது ஆதிக்க காலம். டிஜிட்டல் என்பது அறிவுக் காலம்,” என்று அவர் மேடைகளில் முழங்குவார். “ஒன்று அல்லது சுழி. உண்டு அல்லது இல்லை. நடுவிலே பேரம் கிடையாது, சிபாரிசு கிடையாது.”

சிபாரிசில் மாற்றலாகி வந்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவார்கள்.

ஏற்பாடு உண்மையிலேயே நல்ல ஏற்பாடுதான். கடைமடையில் ஒரு மிதவை. அது தண்ணீரின் உயரத்தை அளந்து கால்மணிக்கு ஒருதரம் ஒன்றும் சுழியுமாக மாற்றி வானொலி அலையில் அனுப்பும். மேலச்சேந்தனூரில் பேட்டரியில் ஓடும் ஒரு கோபுரம் அதைக் கேட்டு வாங்கித் தஞ்சாவூருக்குத் தள்ளிவிடும். ஒவ்வொரு சேதியும் தன் வாலில் ஒரு கூட்டுத்தொகையோடு புறப்படும். வந்துசேர்ந்த இலக்கங்களைக் கூட்டினால் அந்தத் தொகை வரவேண்டும். வராவிட்டால் வழியில் ஏதோ இரைச்சல் புகுந்து சேதியைக் கெடுத்துவிட்டது என்று அர்த்தம். கெட்ட சேதியைக் கணினி குப்பையில் போட்டுவிடும்.

இதுவரை பாடப்புத்தகத்தில் உள்ளது. இனி வருவது அடைக்கலராஜ் சேர்த்தது. முதல்நாள் ஒத்திகையில் கெட்ட சேதி வந்த இடங்களில் கோடு விட்டுவிட்டுத் தெரிந்தது. அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

“என்ன இராஜாங்கம், பல்லு விழுந்த கிழவன் மாதிரி இளிக்குது? மாண்புமிகு பாக்கப்போற திரைங்க இது. ஓட்டை தெரியக்கூடாது.”

“சேதி வரலேன்னா அந்த இடம் காலியாத்தான் இருக்கும் சார்.”

“கடைசியா வந்த நல்ல சேதியவே அங்க போடுங்க. அடுத்தது வர்ற வரைக்கும் அதுதான் செல்லும். நம்ம ஆபீஸ்ல புது உத்தரவு வர்ற வரைக்கும் பழைய உத்தரவுதானே செல்லுது?”

இராஜாங்கம் அப்படியே புரோகிராமில் ஒரு வரி எழுதிச் சேர்த்தான். ஓட்டைகள் மறைந்தன. பச்சைக்கோடு நேராயிற்று. அடைக்கலராஜ் அதைப் பார்த்துக் குலதெய்வத்தைப் பார்த்த மாதிரி உருகினார். சக ஊழியர்களுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். அவர் சர்வீசில் அது அபூர்வம்.

ஞாயிற்றுக்கிழமை இராஜாங்கம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மன்னார்குடி வழியாக ஊருக்குப் போனான். சாலைக்கு இரண்டு பக்கமும் மேலச்சேந்தனூர் வரைக்கும் ஒரே பச்சை. அதைத் தாண்டியதும் யாரோ அழிரப்பரால் தேய்த்த மாதிரி நிறம் மாறியது. கீழச்சேந்தனூர் வாய்க்காலில் அக்கா சொன்ன ஆடு படுத்திருந்தது. அவனைப் பார்த்ததும் அதுகூட எழுந்திருக்கவில்லை. அவனைவிட அந்த வாய்க்கால் அதற்குத்தான் அதிகம் பழக்கம்.

மிதவைப் பெட்டியைத் திறந்து பார்த்தான். மிதவை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் இருந்த சிறு திரை ‘சுழி’ என்று ஒழுங்காகக் காட்டியது. கால்மணி ஆனதும் உள்ளே ஒரு விளக்கு மின்னியது. ‘சுழி’ என்ற சேதி புறப்பட்டுப் போயிற்று. இந்தப் பக்கம் சுழி ஏறுகிறது, தஞ்சாவூரில் முழங்காலளவு தண்ணீராக இறங்குகிறது. நடுவழியில் யார் மழை பெய்வித்தது என்று அவனுக்குப் புரியவில்லை. பட்டத்தை வாங்கிய கல்லூரியிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தான்.

திரும்பும்போது மேலச்சேந்தனூர்க் கோபுரத்தடியில் வண்டியை நிறுத்தினான். கோபுரம் நின்ற இடம் அரசப்பனின் தென்னந்தோப்பு. பழைய மிராசுதாரிடமிருந்து தோப்பையும் வயலையும் வாங்கியவர், அவர் குரலையும் சேர்த்து வாங்கிக்கொண்டார் என்று ஊரில் பேச்சு. ‘அறிவியல் வளர்ச்சிக்கு இவ்விடம் உபயம்: ஒன்றியச் செயலாளர் அரசப்பன்’ என்று கோபுரத்தின் அடியில் கருங்கல்லில் செதுக்கியிருந்தது. உபயம் கொடுத்த இடம் போக மீதி இடத்தில் அவருடைய மோட்டார்க் கொட்டகை. வாய்க்காலுக்குள் தடித்தடியாகக் குழாய்கள் இறங்கியிருந்தன. அந்தப் பக்கம் மேட்டில் புதிதாக வெட்டிய மீன்குட்டைகள்.

எதிரே பொன்னுத்தாயின் டீக்கடை. சற்று முன்புதான் கரண்டு போயிருந்தது; பேட்டரி ரேடியோவில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். இராஜாங்கம் டீயை வாயில் வைத்தபோது மும்முனைக் கரண்டு வந்தது. கொட்டகையில் மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமின. ரேடியோவில் பாட்டு கரகரத்து, அரிசியில் கல் அரைபடுகிற சத்தமாக மாறியது. பொன்னுத்தாய் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டி அணைத்தாள்.

“பாடுனவரைக்கும் போதும், படு,” என்றாள் ரேடியோவிடம். பிறகு இராஜாங்கத்திடம், “ஒன்றியம் மோட்டார் போட்டுட்டாரு தம்பி. அவரு சத்தம் கேட்டா ரேடியோகூட வாயப் பொத்திக்குது. எங்களச் சொல்லி என்ன ஆகப்போவுது?”

“தினமும் இப்படித்தானா?”

“மோட்டார் ஓடுற மட்டும் இப்படித்தான். ஸ்டார்ட்டர்ல பொறி பறக்கும், பாத்ததில்லையா? தீவாளி மாதிரி.”

டீ ஆறியது. இராஜாங்கம் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தான். கொட்டகையைப் பார்த்தான். மறுபடி கோபுரத்தைப் பார்த்தான். அவன் மண்டைக்குள் இருந்த குழப்பம் மெல்ல ஒரு பக்கமாக வடிய ஆரம்பித்தது.

மோட்டார் ஓடும்போது தண்ணீர் குட்டைக்குப் போகிறது, கடைமடை காய்கிறது. அதே மோட்டாரின் பொறி, பக்கத்தில் நிற்கும் கோபுரத்தின் காதில் இரைச்சலைக் கொட்டுகிறது. கீழேயிருந்து வரும் ‘சுழி’ என்ற சேதி கெட்டுப்போகிறது. கணினி அதைக் குப்பையில் போட்டுவிட்டுக் கடைசி நல்ல சேதியைப் பிடித்துக்கொள்கிறது. கரண்டு போனால் மோட்டார் நிற்கிறது, இரைச்சல் அடங்குகிறது, தண்ணீர் கொஞ்சநேரம் கீழே வருகிறது. ‘முழங்காலளவு’ என்ற சேதி சுத்தமாகத் தஞ்சாவூர் போய்ச் சேர்கிறது. அக்கா மடையைத் திறக்கப் போவதற்குள் கரண்டு வந்துவிடுகிறது.

ஆக, திருட்டு நடக்கும் நேரத்துச் சேதியெல்லாம் குப்பைக்கு. நடக்காத நேரத்துச் சேதி மட்டும் திரைக்கு. நல்ல சேதி மட்டுமே மேலே போய்ச் சேரும் ஏற்பாடு ஒன்றும் புதிதல்ல, சர்க்கார் ஆபீஸ்களில் காலங்காலமாக உள்ளதுதான். அதை ஒன்றும் சுழியுமாகச் செய்து காட்டியதுதான் இராஜாங்கத்தின் சாதனை.

திங்கட்கிழமை காலை அவன் முதல் வேலையாக அந்த ஒரு வரியைக் கணினியிலிருந்து எடுத்தான். பச்சைக்கோடு படாரென்று துண்டு துண்டானது. பிறகு அடைக்கலராஜைக் கூப்பிட்டுக் காட்டினான்.

“சார், காலியா இருக்கிற இடமெல்லாம் மோட்டார் ஓடுற நேரம். தண்ணியத் திருடுறாங்க. எங்க அக்காவுக்குத் தண்ணியே வரல.”

அந்த மூன்று வாக்கியத்தில் அடைக்கலராஜின் காதுக்குள் போனது ஒரு சொல்தான்.

“காலியா? ஏன் காலியா இருக்கு? வெள்ளிக்கிழமை மாண்புமிகு வர்றாருங்க.”

“தண்ணித் திருட்டு சார்.”

“திருட்டு போலீஸ் விஷயம். திரை என் விஷயம். பழையபடி ஆக்குங்க.”

இராஜாங்கம் விசைப்பலகையைப் பார்த்தான். பழையபடி ஆக்க அரை நிமிஷம் போதும். ஒரு வரி. ஆக்கினால் கோடு நேராகும், நாற்று கருகும், ஆர்.ஐ. வருவார், இவன் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் காட்டி அக்கா நிலத்தை எடுத்துக்கொள்வார்கள். மேலதிகாரியிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தாயிற்று. கெட்ட சேதி என்று அவர் குப்பையில் போட்டுவிட்டார். அவருக்குக் கேட்கிற அலைவரிசையில் பேசவேண்டியதுதான் பாக்கி.

“முடியாது சார்,” என்றான். “சிக்னல் டு நாய்ஸ் ரேஷியோ விழுந்துபோச்சு.”

அடைக்கலராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஹைதராபாத்தில் கேட்ட சொல்: சேதிக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்.

“எவ்வளவு விழுந்திருக்கு?”

“ரொம்ப சார். பிட் எரர் ரேட் எகிறிப்போயிருக்கு. இதுக்கு மேல அந்த வரியச் சேர்த்தா பஃபர் நெறஞ்சு, மாண்புமிகு பொத்தான அமுக்குற நேரத்துல மொத்தத் திரையும் கறுத்துடும்.”

இதில் பாதி உண்மை. மீதிக்கு எந்தப் புத்தகத்திலும் இடமில்லை. அடைக்கலராஜுக்கு எந்தப் பாதி எது என்று தெரியாது, கேட்கவும் முடியாது. கேட்டால் மேடையில் இத்தனை நாள் பேசியது என்னாவது? மெதுவாகத் தலையாட்டினார்.

“நானும் அதத்தான் நெனச்சேன். ரேஷியோதான். இப்ப என்ன வழி?”

“நாய்ஸ் எங்க பொறக்குதோ அங்க நிறுத்தணும் சார். கோபுரத்துக்குப் பக்கத்துல மோட்டார் ஓடக்கூடாது.”

அடைக்கலராஜ் அரசப்பனுக்குப் போன் போட்டார். இராஜாங்கம் பக்கத்தில் நின்று கேட்டான்.

“ஒன்றியம் சாருங்களா? வணக்கம். உங்க கோபுரத்துல ரேஷியோ விழுந்துடுச்சுங்க... இல்லைங்க, ஆளுக்கு ஒண்ணும் ஆகல... டவர் நிக்குதுங்க, ரேஷியோதான் விழுந்துச்சு... மோட்டார நிறுத்தி வைக்கணும். மாண்புமிகு உங்க டவரப் பத்தித்தான் முதல்ல பேசப்போறாரு. அந்த நேரத்துல திரை கறுத்துச்சுன்னா உங்க பேருக்குத்தானே கறுப்பு?”

அரசப்பனுக்கு மீன்குட்டை ஒரு கண் என்றால், அமைச்சருக்குப் பக்கத்து நாற்காலி இரண்டு கண்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும்தானே?” என்ற குரல் வெளியே கேட்டது.

“மாண்புமிகு வந்துட்டுப் போற வரைக்கும்.”

“சரி. மின்சார ஆபீஸ்லயும் நானே சொல்லி ப்யூஸப் புடுங்கச் சொல்லிடறேன். எங்க ஆளுங்க நான் இல்லாதப்போ போட்டுடுவானுங்க. நாட்டுக்காக ஒரு தியாகம்னு மேடையில சொல்லிடுங்க.”

அன்று சாயங்காலமே கீழச்சேந்தனூர் வாய்க்காலில் ஆடு எழுந்தது. அதன் வயிற்றுக்கடியில் தண்ணீர் வந்துவிட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அமைச்சர் வரவில்லை. சென்னையில் ஒரு கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணம். அடுத்த வாரம் என்றார்கள். அடுத்த வாரம் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அதற்கடுத்த தேதியை ஜோசியர் ஒருவர் பார்த்து மாற்றினார் என்று வதந்தி. பகுத்தறிவு ஆட்சியில் அப்படி நடந்திருக்காது என்று அடைக்கலராஜ் மறுத்துவிட்டு, மாற்றிய தேதிக்கு ராகுகாலம் பார்த்துக்கொண்டார். வரவேற்பு வளைவில் தேதி இருந்த இடத்தில் ஒட்டுக்குமேல் ஒட்டாகக் காகிதம் தடித்தது. ஒவ்வொரு தடவையும் அரசப்பன் போன் செய்து, “இன்னும் ரேஷியோ சரியாகலையா?” என்று கேட்டார். ஊரில் பலர் அதை ஏதோ சர்க்கார் வியாதி என்று நினைத்து நலம் விசாரித்தார்கள்.

அம்சம் எதையும் விசாரிக்கவில்லை. தண்ணீர் வந்த மறுநாளே ஏர் கட்டினாள். பக்கத்து வீட்டுக் காளியம்மாளையும் தெருப் பெண்களையும் கூட்டிக்கொண்டு நாற்றுப் பறித்து நட்டு முடித்தாள். நட்ட பயிர் முதலில் வாடி, தலை தொங்கி, பிறகு ஒருநாள் பச்சை பிடித்தது.

ஐப்பசியில் ஆர்.ஐ. வந்தார். கையில் ‘தரிசு’ என்று எழுதிய மனு, கண்ணுக்கு முன்னால் சம்பாப் பயிர். பட்டா எண்ணைச் சரிபார்த்தார். வரப்பை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். வேறு வயலுக்கு வந்துவிட்டோமோ என்று பயந்தவர் மாதிரி அம்சத்தைக் கேட்டார்:

“இது உங்க நிலம்தானேம்மா?”

“அதச் சொல்லத்தாங்க உங்கள வரச் சொன்னாங்க.”

ஆர்.ஐ. ‘பயிர் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, காலில் ஒட்டிய சேற்றை அவள் மடையிலேயே கழுவிக்கொண்டு போனார்.

அந்த வாரக் கடைசியில் இராஜாங்கம் ஊருக்குப் போனான். அம்சம் வரப்பில் நின்று களை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணு சொல்லு. நீ மனு குடுத்தியா?”

“இல்லக்கா.”

“ஒன்றியத்தோட சண்டை போட்டியா?”

“இல்ல.”

“பின்ன எப்படிடா தண்ணி வந்துச்சு?”

அவன் சொன்னான். மிதவை, கோபுரம், கூட்டுத்தொகை, இரைச்சல், ஓட்டை, அமைச்சர். சொல்லச் சொல்ல அவனுக்கே நம்பமுடியவில்லை. அம்சம் களைச்செடியைக் கையில் வைத்துக்கொண்டு முழுசும் கேட்டாள்.

“அதாவது, திருடுனா தெரியாதாம். ஆனா திருடுனா டி.வி. கெடுமாம். டி.வி. கெடக்கூடாதுன்னு தண்ணி விட்டாங்களாம்.”

“அப்படித்தான்.”

“எனக்கு ஒண்ணுமே புரியல.”

“எனக்கும் முழுசாப் புரியலக்கா.”

“அந்த அமைச்சர் வந்துட்டுப் போனா?”

“ப்யூஸத் திருப்பிப் போட்டுடுவாங்க.”

அம்சம் பயிரைப் பார்த்தாள். இன்னும் தூர் கட்டவேண்டும், கதிர் விடவேண்டும், பால் பிடிக்கவேண்டும். மழை பாதிக்குக் கைகொடுக்கும். மீதிக்கு வாய்க்கால்தான்.

“அப்ப அவர அறுப்புக்கு அப்பறம் வரச் சொல்லு,” என்றாள். “அவசரமில்லேன்னு சொல்லு.”

திங்கட்கிழமை அடைக்கலராஜ் வாடிய முகத்தோடு இராஜாங்கத்தை அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் மாண்புமிகு படம் விளிம்புவரை முன்னால் வந்திருந்தது.

“சென்னையிலேருந்து போன். கார்த்திகையில ஒரு தேதி தர்றாங்க, தையிலே ஒரு தேதி தர்றாங்க. நம்மளையே முடிவு பண்ணச் சொல்றாங்க. ஒன்றியம் கார்த்திகைதான்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. டெக்னிக்கலா நீங்க என்ன சொல்றீங்க?”

இராஜாங்கம் திறந்திருந்த கதவு வழியாகக் கணினி அறையைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். திரையில் பச்சைக்கோடு ஒரு ஓட்டையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. இந்தத் தடவை அது சொன்னதெல்லாம் உண்மை.

“ரேஷியோ இப்பதான் ஏறியிருக்கு சார். ஆனா செட்டிலிங் டைம் இருக்கே.”

“செட்டிலிங் டைம்,” என்றார் அடைக்கலராஜ். சொல்லை ஒருதரம் நாக்கில் போட்டுப் புரட்டிப் பார்த்தார். பிடித்திருந்தது. “அது எவ்வளவு காலம் ஆகும்?”

“அது மண்ணையும் தண்ணியையும் பொறுத்தது சார். இங்க பொங்கல் வரைக்கும் போகும்.”

அடைக்கலராஜ் கம்பீரமாகப் போனை எடுத்து அரசப்பனின் எண்ணைச் சுற்றினார்.

“ஒன்றியம் சாருங்களா? கார்த்திகைக்கு வாய்ப்பே இல்லைங்க. செட்டிலிங் டைம்னு ஒண்ணு இருக்கு, நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. சொன்னா உங்களுக்குப் புரியாது.”